தெரியாது என்று சொன்ன பெரியவர்

சிவாஜி கணேசன் விஷம் குடித்துச் சாகும் காட்சியை நம்மில் வயதானவர்கள் பலர் இன்னமும் மறந்திருக்க மாட்டார்கள். 1956-ஆம் ஆண்டில் வெளிவந்த ராஜா ராணி படத்தில், கதைக்கு நடுவே ஒரு நாடகம் வரும். வசனம் எழுதியவர் கலைஞர் மு. கருணாநிதி. அதில் சாக்ரடீஸ் என்ற கிரேக்க அறிஞராக சிவாஜி வருவார். தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய காலத்தில், பாய் விரித்து உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு அந்த விஷக் கிண்ணம் கண்ணிலேயே நிற்கும்.

கிண்ணம் நினைவிருக்கிறது, சரி. அதை அவர் ஏன் குடிக்க நேர்ந்தது? திருடினாரா? கொலை செய்தாரா? ஒன்றுமில்லை. 70 வயதுக் கிழவர். காலில் செருப்புக்கூடக் கிடையாது. ஊர்ப் பெரிய மனிதர்களிடம் கேள்வி கேட்டார். தமக்குத் தெரியாததைத் தெரியாது என்றே சொன்னார். மற்றவர்களுக்கும் தெரியாது என்பதை நாலு பேர் முன்னால் காட்டினார். இதற்காகவா ஒரு மனிதனைக் கொல்வார்கள் என்று நமக்குத் தோன்றும். கொன்றார்கள் அன்பர்களே. அந்தச் சங்கதியைத்தான் இந்த வாரம் நாம் பார்க்கப் போகிறோம்.

கல்தச்சர் பெற்ற பிள்ளை

இன்றைக்குச் சுமார் 2,500 ஆண்டுகளுக்கு முன்னால், கி.மு. 470-ஐ ஒட்டி, கிரேக்க நாட்டு ஏதென்ஸ் நகரில் சாக்ரடீஸ் பிறந்தார். தகப்பனார் கல்தச்சர். தாயார் பிள்ளைப்பேறு பார்க்கும் மருத்துவச்சி. அரண்மனையில் பிறந்தவர் அல்லர். உழைத்துச் சாப்பிடும் குடும்பத்துப் பிள்ளை. தகப்பனாரின் உளியைத் தாமும் பிடித்தார் என்று பழைய நூல்கள் கூறும்.

பார்ப்பதற்கு அழகர் என்று யாரும் சொல்லவில்லை. சப்பை மூக்கு, பிதுங்கிய கண்கள். கோடையிலும் குளிரிலும் ஒரே மேலாடை. காலையில் எழுந்தால் கடைத்தெருவுக்குப் போய்விடுவார். செருப்புத் தைப்பவர், மட்பாண்டம் விற்பவர், சேனைத் தலைவர், பணக்கார வீட்டுப் பையன் யாராக இருந்தாலும் நின்று பேசுவார். நீதி என்றால் என்ன, தைரியம் என்றால் என்ன, நல்லவன் என்று யாரைச் சொல்வது என்றுதான் பேச்சு போகும்.

அந்தக் காலத்து ஏதென்ஸில் காசு வாங்கிக்கொண்டு அறிவு புகட்டும் ஆசிரியர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் நல்லொழுக்கம் சொல்லித்தர 5 மினா வாங்கினார். ஒரு மினா என்பது கைதேர்ந்த தொழிலாளியின் ஏறக்குறைய 100 நாள் கூலி. சாக்ரடீஸோ யாரிடமும் சல்லிக்காசு வாங்கவில்லை. அவருடைய வீடு, வாசல், சட்டி, பானை எல்லாவற்றையும் சேர்த்து விற்றாலும் மொத்தம் 5 மினாதான் தேறும் என்று அவர் சொன்னதாக, அவரோடு பழகிய செனோபன் எழுதி வைத்திருக்கிறார். ஒருவர் பாடத்துக்கு வாங்கிய கூலிதான் இவருடைய முழுச் சொத்து!

வீட்டில் மனைவி சாந்திப்பி. மூன்று ஆண் பிள்ளைகள். காசு வாங்காமல் ஊருக்கு உழைக்கும் புருஷனோடு குடும்பம் நடத்துவது எத்தனை சிரமம் என்பது நம் அம்மாமார்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சாந்திப்பியைச் சண்டைக்காரி என்று பிற்காலத்தார் கதை கட்டிவிட்டார்கள். அவள் அடுப்பை யார் நினைத்தார்கள்?

வெறும் வாய்ப்பேச்சுக்காரர் என்றும் அவரை எண்ணிவிட வேண்டாம். நாட்டுக்காக மூன்று போர்களில் ஆயுதம் ஏந்தியவர். போட்டிடியா என்ற ஊரில் நடந்த போரில், பனி உறைந்த தரையில் வெறுங்காலோடு நடந்தார். காயம்பட்டு விழுந்த ஓர் இளைஞனை விட்டு ஓடாமல் காப்பாற்றினார்.

கோயிலில் வந்த பதில்

சாக்ரடீஸுக்கு கேரபோன் என்று ஒரு பழைய சிநேகிதர். அவர் ஒரு நாள் டெல்பி என்ற ஊரிலுள்ள அப்போலோ தேவன் கோயிலுக்குப் போனார். அங்கே ஒரு பெண் பூசாரி குறி சொல்வாள். அரசர்கள்கூடப் போருக்குப் போகுமுன் ஆள் அனுப்பிக் கேட்கும் இடம் அது. சாக்ரடீஸைவிட அறிவாளி யாரேனும் உண்டா என்று கேரபோன் கேட்டார். யாரும் இல்லை என்று பதில் வந்தது.

இப்படி ஒரு குறி நம்மைப் பற்றி வந்திருந்தால் என்ன செய்வோம்? மாலை போட்டுக்கொண்டு ஊர்வலம் போயிருப்போம். சாக்ரடீஸுக்கோ குழப்பமாகிவிட்டது. எனக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது என்பது எனக்கே தெரியும். தெய்வமும் பொய் சொல்லாது. அப்படியானால் இதற்கு என்ன பொருள் என்று யோசித்தார். தம்மைவிட அறிவாளி ஒருவரைக் கண்டுபிடித்துக் காட்டினால் குறி தவறு என்று தெரிந்துவிடும் அல்லவா? அப்படி ஓர் ஆளைத் தேடிப் புறப்பட்டார்.

முதலில் போனது அரசியல்வாதியிடம். ஊரே அவரைப் பெரிய புத்திசாலி என்றது. அவரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார். நாலு கேள்வி கேட்டதும் சரக்கு தீர்ந்துவிட்டது. எது நல்லது, எது நியாயம் என்று அவரால் சொல்ல முடியவில்லை. ஆனால் தமக்குத் தெரியாது என்று ஒப்புக்கொள்ளவும் மனம் வரவில்லை. கோபம்தான் வந்தது. வீடு திரும்பும்போது சாக்ரடீஸ் நினைத்துக்கொண்டார்: இந்த ஆளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, ஆனால் அவர் தெரியும் என்று எண்ணிக்கொண்டிருக்கிறார், நான் அப்படி எண்ணவில்லை, இந்த ஒரு சின்ன விஷயத்தில் மட்டும் அவரைவிட நான் கொஞ்சம் மேல்.

அடுத்துக் கவிஞர்களிடம் போனார். அவர்கள் எழுதியது அருமையாக இருந்தது. ஆனால் அதன் பொருளை விளக்கச் சொன்னால், பக்கத்தில் நின்றவர்கள் அவர்களைவிட நன்றாக விளக்கினார்கள். கவி பாடத் தெரிந்ததாலேயே உலகத்து விஷயமெல்லாம் தங்களுக்குத் தெரியும் என்று அவர்கள் நினைத்திருந்தார்கள்.

தொழிலாளிக்குத் தெரிந்தது

மூன்றாவதாகக் கைத்தொழிலாளர்களிடம் போனார். இங்கே நாம் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். அரசியல்வாதியிடமும் கவிஞரிடமும் காணாத ஒன்றை அவர் இங்கே கண்டார். தொழிலாளிக்கு உண்மையிலேயே அறிவு இருந்தது. தமக்குத் தெரியாத நல்ல விஷயங்கள் பல இவர்களுக்குத் தெரிகிறது என்று சாக்ரடீஸ் ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார்.

இது நமக்கு ஆச்சரியமில்லை. பால்மரத்தின் பட்டையில் கத்தி எவ்வளவு ஆழம் போக வேண்டும் என்பது பால்வெட்டிய கைக்குத் தெரியும். மேலாகச் சீவினால் பால் வராது. கொஞ்சம் ஆழம் போனால் மரத்துக்குக் காயம். இடையில் இருக்கும் அந்த அளவைப் புத்தகம் படித்து மட்டும் கற்றுக்கொள்ள முடியாது. அது அறிவுதான். படிப்பில்லாதவர்கள் என்று நம்மை நாமே தாழ்த்திக்கொள்ளும்போது, ஏதென்ஸின் மகா அறிஞர் தொழிலாளியின் கையறிவுக்குக் கொடுத்த மதிப்பை நினைத்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. அந்தத் தொழிலாளர்களிடமும் ஒரு குறையைக் கண்டார். தன் தொழிலில் கெட்டிக்காரனாக இருப்பவன், அதனாலேயே நாட்டு நடப்பு, தர்மம், நியாயம் எல்லாவற்றிலும் தான் கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொள்கிறான். தெரிந்தது ஒரு முழம், பேசுவது ஒன்பது முழம். அந்தப் பெருமை அவனிடமிருந்த நல்ல அறிவையும் மறைத்துவிடுகிறது என்றார் சாக்ரடீஸ்.

நம் பக்கத்திலும் இது உண்டுங்க. ரப்பரை அழித்துச் செம்பனை நட்ட காலத்தில், 20 வருடம் பால்வெட்டியவரும் குலை அறுக்கப் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது. தெரியாது, காட்டிக்கொடு என்று இளையவனிடம் கேட்டவர் சீக்கிரம் பழகிக்கொள்வார். நான் பார்க்காத வேலையா என்று மார்தட்டுகிறவர்தான் தடுமாறுவார். முன்னவருக்குத் தம் அறிவு எந்த இடத்தில் நிற்கிறது என்பது தெரியும். வித்தியாசம் அவ்வளவுதான்.

குறியின் பொருள் சாக்ரடீஸுக்கு இப்போது விளங்கியது. மனிதனுடைய அறிவு மிகக் கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தைக் கொஞ்சம் என்று எவன் அறிகிறானோ அவனே அறிவாளி. தம் பெயரை ஓர் உதாரணத்துக்காகத்தான் தெய்வம் சொல்லியிருக்கிறது என்று எடுத்துக்கொண்டார்.

அடிமைப் பையன் போட்ட கணக்கு

தெரியாது என்று சொல்லிவிட்டுச் சும்மா உட்காரச் சொன்னாரா? இல்லை. அங்கிருந்துதான் படிப்பு ஆரம்பமாகிறது என்றார். அவருடைய மாணவர் பிளேட்டோ எழுதி வைத்த ஒரு சம்பவத்தைக் கேளுங்கள்.

மேனோ என்ற பணக்கார இளைஞன் சாக்ரடீஸிடம் பேச வந்தான். கேள்விமேல் கேள்வி விழுந்ததும் திணறிப்போனான். தொட்டால் கை மரத்துப்போகும் ஒரு கடல்மீன் உண்டே, அதைப்போல என்னை மரக்கச் செய்துவிட்டீர் என்று குறைபட்டான். சாக்ரடீஸ் அவனுடைய வேலையாட்களில் ஒரு பையனைக் கூப்பிட்டார். அடிமைப் பையன். கணக்குப் படித்ததே இல்லை.

தரையில் ஒரு சதுரம் வரைந்தார். ஒவ்வொரு பக்கமும் 2 அடி. அதன் பரப்பு 4 சதுர அடி. இதைப்போல் இரண்டு மடங்கு, அதாவது 8 சதுர அடி உள்ள சதுரம் வேண்டும். அதன் பக்கம் எத்தனை அடி என்று கேட்டார். பையன் யோசிக்கவே இல்லை. இரண்டு மடங்கு என்றால் பக்கமும் இரண்டு மடங்கு, 4 அடி என்றான். வரைந்து பார்த்தால் 16 சதுர அடி வந்தது. அப்படியானால் 3 அடி என்றான். 9 வந்தது. அதுவும் தவறு. கடைசியில், ஐயா, எனக்குத் தெரியவில்லை என்று நின்றுவிட்டான்.

சாக்ரடீஸ் மேனோவிடம் திரும்பினார். இவனுக்கு நான் கெடுதல் செய்துவிட்டேனா என்று கேட்டார். முன்பும் இவனுக்குத் தெரியாது, ஆனால் தெரியும் என்று துணிந்து பேசினான். இப்போதும் தெரியாது, ஆனால் தெரியாது என்பது தெரியும். இனிமேல்தான் இவன் ஆசையோடு தேடுவான் என்றார்.

அப்படியே நடந்தது. 2 அடிச் சதுரங்கள் நான்கைச் சேர்த்து வைத்துப் பெரிய சதுரம் ஆக்கினார்கள். அது 16. நான்கிலும் மூலைக்கு மூலை ஒரு குறுக்குக் கோடு போட்டார்கள், நான்கு கோடுகளும் ஒன்றோடொன்று முட்டும்படி. நடுவில் சாய்வாக ஒரு புதுச் சதுரம் வந்து நின்றது. ஒவ்வொரு சின்னச் சதுரத்திலும் சரிபாதி அதற்குள் இருக்கிறது. 16-இல் பாதி 8! கேட்ட சதுரம் கிடைத்துவிட்டது. அந்தக் குறுக்குக் கோடுதான் அதன் பக்கம். சாக்ரடீஸ் விடையைத் தாமாகச் சொல்லிக்கொடுக்காமல் கேட்டுக் கேட்டே பையனை அங்கே கொண்டுவந்து விட்டார்.

இதை நம் பிள்ளைகள் இன்றைக்கே வாசல் மண்ணில் குச்சியால் வரைந்து பார்க்கலாம். பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத ஓர் அடிமைப் பையனுக்கும் இத்தனை பெரிய கணக்கு விளங்கியது. எங்கே விளங்கியது? தெரியவில்லை என்று ஒப்புக்கொண்ட இடத்துக்கு அப்புறம்தான் விளங்கியது.

அதனால்தான் தம் வேலையைத் தாயாரின் வேலையோடு ஒப்பிடுவார் சாக்ரடீஸ். மருத்துவச்சி பிள்ளையைத் தான் பெறுவதில்லை. பெறுகிறவளுக்குக் கை கொடுக்கிறாள். அதுபோல நானும் யாருக்கும் அறிவை ஊட்டுவதில்லை, அவரவர் மனத்தில் இருப்பது வெளியே வரத் துணை நிற்கிறேன் என்பார்.

அடக்கம் வேறு, அடங்கிப் போவது வேறு

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். அடக்கமாக இரு என்று நமக்குச் சின்ன வயதிலிருந்தே சொல்லி வளர்த்தார்கள். நல்ல புத்திதான். ஆனால் பல சமயம் அதற்குப் பொருள், பெரியவன் சொன்னால் வாயை மூடிக்கிட்டுப் போ என்பதாக ஆகிவிடுகிறது. சாக்ரடீஸின் அடக்கம் அந்த வகையைச் சேர்ந்ததன்று. இரண்டு சம்பவங்கள் போதும்.

கி.மு. 406-இல் ஏதென்ஸ் கடற்படை ஒரு போரில் வென்றது. ஆனால் புயல் காரணமாக, உடைந்த கப்பல்களில் தத்தளித்த வீரர்களை மீட்க முடியாமல் போயிற்று. மக்கள் கொதித்தார்கள். சேனைத் தலைவர்கள் எல்லாரையும் ஒரே ஓட்டில் ஒன்றாகக் கொல்ல வேண்டும் என்று கூச்சல். சட்டப்படி ஒவ்வொருவரையும் தனித்தனியாக விசாரிக்க வேண்டும். அன்றைய கூட்டத்தை நடத்தும் குழுவில் சாக்ரடீஸும் இருந்தார். மற்றவர்கள் மிரட்டலுக்குப் பயந்து இணங்கினார்கள். அவர் ஒருவர் மட்டும் முடியாது என்று நின்றார். கடைசியில் ஊரில் இருந்த ஆறு தலைவர்களையும் கொன்றார்கள். பிறகு தவறு செய்துவிட்டோம் என்று மக்களே வருந்தினார்கள்.

இரண்டாவது, கி.மு. 404-இல். ஏதென்ஸ் போரில் தோற்றது. முப்பது பேர் கொண்ட ஒரு கொடுங்கோல் கூட்டம் ஆட்சிக்கு வந்தது. அதன் தலைவன் கிரிட்டியாஸ், ஒரு காலத்தில் சாக்ரடீஸோடு சுற்றியவன். சாக்ரடீஸையும் வேறு நால்வரையும் கூப்பிட்டு, லியோன் என்ற குற்றமற்ற மனிதரைப் பிடித்துவரச் சொன்னார்கள், கொல்வதற்கு. நால்வரும் போனார்கள். சாக்ரடீஸ் ஒன்றும் பேசாமல் தம் வீட்டுக்கு நடந்துவிட்டார். அந்த ஆட்சி சீக்கிரம் கவிழ்ந்திராவிட்டால் அதற்கே அவர் தலை போயிருக்கும்.

பார்த்தீங்களா? தமக்குத் தெரியாதவை ஏராளம் என்றவருக்கு ஒன்று மட்டும் சந்தேகமில்லாமல் தெரிந்திருந்தது. அநியாயம் செய்யக் கூடாது. உண்மைக்கு முன்னால் தலை குனிந்தார். அதிகாரத்துக்கு முன்னால் குனியவில்லை.

நீதிமன்றத்தில்

மறுபடி மக்களாட்சி வந்தது. பழைய அரசியல் பகையை மறப்போம் என்று உடன்பாடும் செய்தார்கள். ஆனாலும் மனத்தில் புகைச்சல் போகவில்லை. கிரிட்டியாஸ் போன்றவர்களுக்கு இந்தக் கிழவர்தானே வாத்தியார் என்ற பேச்சு இருந்தது. கேள்வி கேட்டு அவமானப்படுத்தப்பட்டவர்களின் கோபமும் பல வருடமாகச் சேர்ந்திருந்தது. கி.மு. 399-இல் மெலிட்டஸ், அனிட்டஸ், லைக்கோன் என்ற மூவர் வழக்குப் போட்டார்கள். ஊர்த் தெய்வங்களை மதிக்கவில்லை, இளைஞர்களைக் கெடுக்கிறார் என்பது குற்றச்சாட்டு.

தீர்ப்புச் சொன்னது ராஜா அல்லர். சீட்டுப் போட்டு எடுத்த சுமார் 500 குடிமக்கள். விவசாயி, வியாபாரி, கைத்தொழிலாளி எல்லாரும் அதில் உண்டு. சாதாரண ஜனங்கள்தான் அவரைக் கொன்றார்கள் என்பதை நாம் மறைக்கக் கூடாது. நமக்குத் தெரியாததை ஒருவர் சுட்டிக்காட்டினால் உள்ளே ஒரு எரிச்சல் வருகிறதே, அது அரசனுக்கு மட்டும் உரியதல்ல.

அந்த ஊர் வழக்கப்படி, குற்றவாளிகள் பெண்டாட்டி பிள்ளைகளைக் கூட்டிவந்து அழவைப்பார்கள். சாக்ரடீஸ் அதைச் செய்யவில்லை. எனக்கும் மூன்று பிள்ளைகள் உண்டு, இரண்டு பேர் சின்னக் குழந்தைகள், ஆனால் அவர்களை இங்கே நிறுத்திக் கெஞ்ச மாட்டேன் என்றார். சோம்பிக் கிடக்கும் பெரிய குதிரையைக் கடித்து எழுப்பும் ஈயைப்போல, இந்த ஊரை எழுப்பவே தாம் வந்ததாகச் சொன்னார்.

சாவுக்கு அஞ்சவில்லையா என்ற பேச்சு வந்தபோது அவர் சொன்ன கருத்துதான் அவருடைய வாழ்க்கைக்கே சாரம். சாவு என்பது என்ன என்று யாருக்கும் தெரியாது. அது பெரிய நன்மையாகக்கூட இருக்கலாம். தெரியாத ஒன்றைக் கெட்டது என்று தெரிந்ததுபோல் நினைப்பதால்தானே பயம் வருகிறது? அதுவும் தெரியாததைத் தெரிந்ததாக எண்ணும் அறியாமைதான். ஆனால் அநியாயம் கெட்டது என்பது எனக்குத் தெரியும். கெட்டது என்று தெரிந்ததைச் செய்து, கெட்டதோ நல்லதோ என்று தெரியாததிலிருந்து தப்பிக்க மாட்டேன் என்றார்.

குற்றவாளி என்று தீர்ப்பாயிற்று. சுமார் 30 பேர் மாற்றி ஓட்டுப் போட்டிருந்தால் விடுதலையாகியிருப்பார். தண்டனை என்ன என்று கேட்டபோது, ஊருக்கு உழைத்ததற்காக ஊர்ச் செலவில் சாப்பாடு போடுங்கள் என்றார். பிறகு, தம்மால் முடிந்தது ஒரு மினா அபராதம் என்றார். சிநேகிதர்கள் ஜாமீன் நின்று 30 மினாவாக உயர்த்தினார்கள். எடுபடவில்லை. மரண தண்டனை விதித்தார்கள்.

கடைசி நாள்

அந்தச் சமயம் ஏதென்ஸிலிருந்து டெலோஸ் தீவுக் கோயிலுக்குப் புனிதக் கப்பல் போயிருந்தது. அது திரும்பும்வரை யாரையும் கொல்லக் கூடாது என்பது வழக்கம். அதனால் சுமார் ஒரு மாதம் சிறையில் இருந்தார். பழைய தோழர் கிரீட்டோ பொழுது விடியுமுன் வந்தார். தப்பிப் போக ஏற்பாடு ஆகிவிட்டது, பணம் தயார், வாருங்கள் என்று கெஞ்சினார். பிள்ளைகளை யார் வளர்ப்பது என்றுகூடக் கேட்டுப் பார்த்தார். 70 வருடம் இந்த ஊர்ச் சட்டத்தின் நிழலில் வாழ்ந்துவிட்டு, எனக்குப் பாதகமாகத் தீர்ப்பு வந்ததும் அதை மிதிப்பது நியாயமா என்று சாக்ரடீஸ் பேசினார். கிரீட்டோவால் பதில் சொல்ல முடியவில்லை.

கடைசி நாள் மாலை அவர் குளிக்கப் போனார். தாம் இறந்தபின் பெண்கள் உடலைக் கழுவும் சிரமம் வேண்டாம் என்பதற்காக. பிள்ளைகளையும் வீட்டுப் பெண்களையும் பார்த்துப் பேசி அனுப்பினார். விஷம் கொடுக்க வேண்டிய நேரம் வந்ததைச் சொல்ல வந்த சிறைக் காவலனே அழுதுவிட்டான். ஹெம்லாக் என்ற நச்சுச் செடியின் சாற்றை வாங்கி நடுங்காமல் குடித்தார். தோழர்கள் கதறியபோது அவர்தான் அவர்களை அடக்கினார். கால் மரத்தது, குளிர் மேலே ஏறியது, முடிந்துவிட்டது.

அவர் ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை. பிளேட்டோவும் செனோபனும் எழுதியதால்தான் நாம் இன்று பேசுகிறோம். பிளேட்டோ பிற்பாடு ஏதென்ஸில் ஒரு கல்விக்கூடம் நிறுவினார். அரிஸ்டாட்டில் அங்கே படித்தவர். வழக்குப் போட்ட மூவரின் பெயர்களையும் இன்று உலகம் சொல்லுகிறது என்றால், சாக்ரடீஸின் கதையில் வருவதால்தான்.

நமக்கு என்ன?

கிரேக்க நாட்டுக் கிழவர் கதை நமக்கு எதற்கு என்று கேட்கலாம். கடன் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே கைநாட்டு வைத்துக் கஷ்டப்பட்டவர்கள் நம்மில் கொஞ்சமா? இது எனக்குப் புரியவில்லை, விளக்கிச் சொல்லுங்கள் என்று கேட்க வெட்கம். வைத்தியர் மாத்திரை கொடுத்தால் எப்போது சாப்பிடுவது என்று திருப்பிக் கேட்க வெட்கம். கூட்டத்தில் கணக்கு வாசித்தால், ஒன்றும் விளங்காமலே கை தூக்கி விடுகிறோம். தெரியாது என்ற ஒரு சொல்லை விழுங்கியதற்கு நாம் கொடுத்த விலை பெரிது.

வீட்டிலும் அப்படித்தான். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை ஏதாவது கேட்டால், போடா, பெரிய இவன், வேலையைப் பாரு என்று விரட்டுகிறோம். உண்மையில் நமக்குத் தெரியாது, அவ்வளவுதான். எனக்குத் தெரியாதப்பா, நாளைக்கு வாத்தியாரைக் கேட்டு வந்து எனக்கும் சொல்லு என்று சொன்னால் அப்பனுக்கு மரியாதை குறையாது. பிள்ளை மறுநாளும் கேள்வி கேட்கும். விரட்டினால், கேட்பதையே நிறுத்திவிடும்.

படித்தவர்களுக்கும் இதையேதான் சொல்லுவோம். நாலு எழுத்து கூடத் தெரிந்துவிட்டால், உழைக்கிறவனிடம் கற்க ஒன்றுமில்லை என்று நினைப்பவர்கள் உண்டு. ஏதென்ஸில் அரசியல்வாதியிடம் கிடைக்காத அறிவு தொழிலாளியிடம்தான் கிடைத்தது என்பதை அவர்கள் மறக்க வேண்டாம்.

தெரிந்ததைத் தெரியும் என்று தைரியமாகச் சொல்லுவோம். தெரியாததைத் தெரியாது என்று கூசாமல் சொல்லுவோம். அநியாயம் என்று தெரிந்த இடத்தில், எவ்வளவு பெரியவர் சொன்னாலும், சாக்ரடீஸைப்போல வீட்டுக்கு நடப்போம். வாத்தியாரைக் கேட்டுவிட்டுப் பிள்ளை நாளைக்கு வந்து சொல்லும்போது, வேலையைச் சற்று நிறுத்திவிட்டு உட்கார்ந்து கேளுங்கள். அந்தச் சதுரக் கணக்கையும் ஒரு தடவை சேர்ந்து போட்டுப் பாருங்கள்.